‘ரிஃபிஃபி’யில் அந்த அரை மணி நேரம் மட்டும்தானா?

‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன், வசனமே இல்லாத அந்த நகைக்கடைக் காட்சி அபாரம், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் ஓடுவது வழக்கமான ரவுடிக் கதைதானே, இதை ஏன் கொள்ளைப் படங்களுக்கெல்லாம் முன்னோடி என்று தூக்கிவைத்துப் பேசுகிறார்கள் என்பது உங்கள் கேள்வி. படம் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பதால் முடிவு வரை எதையும் மறைக்காமல் பேசுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வந்து படிக்கலாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த அரை மணி நேரத்தில் ஒரு தவறும் நடப்பதில்லை. திட்டம் தீட்டுவார்கள், நடுவில் ஏதோ ஒன்று சொதப்பும், மாட்டிக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்போடுதான் நாம் கொள்ளைப் படம் பார்க்கிறோம். இங்கே திட்டம் அச்சுப் பிசகாமல் நிறைவேறுகிறது. அலாரம், தளம், இரும்புப் பெட்டி எல்லாம் தோற்றுவிடுகின்றன. விடியும்போது நான்கு பேரும் சேதாரமில்லாமல் வெளியே வந்துவிடுகிறார்கள். ஆனாலும் படம் முடிவதற்குள் நால்வரும் பிணம். வேலையில் இல்லாத ஓட்டை எங்கே இருந்தது என்பதைத்தான் மீதி ஒன்றரை மணி நேரமும் காட்டுகிறது. கொள்ளையை மட்டும் தனியே வெட்டியெடுத்து ரசித்தால் பாதிப் படம் கைநழுவிவிடும்.

படம் வந்தது 1955இல். இயக்கிய ஜூல்ஸ் டாசின் பிரெஞ்சுக்காரர் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1911இல் பிறந்தவர். ‘தி நேக்கட் சிட்டி’ (1948), ‘நைட் அண்ட் த சிட்டி’ (1950) எல்லாம் எடுத்தவரை, கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களைத் துரத்திய அமெரிக்க வேட்டை எட்டியது. 1951இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னால் சக இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் சாட்சி சொன்னபோது அவர் வாயிலிருந்து வந்த பெயர்களில் டாசின் பெயரும் ஒன்று. அதன்பின் ஹாலிவுட் கதவு மூடிக்கொண்டது. ஐரோப்பாவுக்குப் போயும் வேலை கிடைக்கவில்லை. டாசின் எடுக்கும் படத்தை அமெரிக்காவில் விற்க முடியாது என்ற பயம் அங்கேயும் தொடர்ந்து வந்தது. இப்படிச் சில வருடங்கள் சும்மா இருந்தவரிடம் ஓகுஸ்த் ல ப்ரத்தோன் 1953இல் எழுதிய நாவல் ஒன்றைக் கொடுத்துப் படமாக்கச் சொன்னார்கள். பாரிஸ் நிழலுலகக் கொச்சையில் எழுதப்பட்ட நாவல். டாசினுக்கு அந்த மொழியும் பிடிபடவில்லை, கதையும் பிடிக்கவில்லை. ஆனால் சம்பளம் தேவைப்பட்டது. நாவலில் சிறிய இடம் பிடித்திருந்த கொள்ளையை அவர் படத்தின் கால் பங்காக விரித்தார். தான் படித்த துப்பறியும் நாவல்களிலேயே மோசமானதிலிருந்து, தான் பார்த்ததிலேயே சிறந்த குற்றப்படத்தை டாசின் எடுத்துவிட்டதாக, அப்போது விமர்சகராக இருந்து பின்னாளில் இயக்குநரான ஃப்ரான்சுவா த்ரூஃபோ எழுதியது இதனால்தான்.

இந்தப் பின்கதையை வெறும் தகவலாகச் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட ஒருவர் எடுத்த படம் என்பது பின்னால் வேலைக்கு வரும்.

இப்போது முதல் முக்கால் மணி நேரம். படம் சீட்டாட்ட மேசையில் தொடங்குகிறது. கையில் காசில்லாத டோனி ஆட்டத்தில் நீடிக்க முடியாமல் அவமானப்படுகிறான். ஐந்து வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். இளையவனான ஜோவைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனவன். ஜோவின் மகன் டோனியோவுக்கு இவன்தான் ஞானத்தந்தை, பெயரும் இவன் பெயரே. ஜோவும் நண்பன் மாரியோவும் ஒரு யோசனை சொல்கிறார்கள்: நகைக்கடையின் முன்பக்கக் கண்ணாடியை அறுத்து, காட்சிக்கு வைத்ததை அள்ளிக்கொண்டு ஓடிவிடலாம். டோனி மறுக்கிறான். பிறகு பழைய காதலி மாடோவைத் தேடிப் போகிறான். அவள் இப்போது இரவு விடுதி நடத்தும் க்ரூட்டரோடு இருக்கிறாள். அவளைத் தன் அறைக்கு அழைத்துவந்து நகைகளைக் கழற்றச் சொல்கிறான், பிறகு பெல்ட்டால் அடிக்கிறான். அந்த அடியைக் காட்டாமல் கேமரா விலகிக்கொள்கிறது. ஓசை மட்டும் நமக்கு வருகிறது.

இந்தக் காட்சி அருவருப்பானதுதான். அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லித் தாண்டிப் போகக் கூடாது. ஆனால் அதற்கு அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். இதுவரை வேண்டாம் என்றவன் அதன் பிறகுதான் சம்மதிக்கிறான். அதிலும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போதாது, உள்ளே இருக்கும் பெட்டியையே உடைக்க வேண்டும் என்கிறான். பணத்தாசை என்று இதைச் சொல்ல முடியாது. இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லாதவனின் பிடிவாதம் அது. அங்கே தொடங்கும் ஒரு சரடையும் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தில் நகை முதலில் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் இறங்குகிறது. கடைசியில் அழிவைக் கொண்டுவருவதும் இன்னொரு பெண்ணின் விரலில் ஏறும் மோதிரம்தான்.

பெட்டி என்றதும் பெட்டி உடைப்பவன் தேவைப்படுகிறான். இத்தாலியிலிருந்து சேஸர் வருகிறான். அவனை அறிமுகப்படுத்தும்போது மாரியோ சிரித்துக்கொண்டே சொல்வதன் சாரம் இது: சேஸரைத் தாக்குப்பிடிக்கும் பெட்டி உலகத்தில் இல்லை, சேஸர் தாக்குப்பிடிக்கும் பெண்ணும் இல்லை. முதல் முறை பார்க்கும்போது இது வெறும் கிண்டலாகக் காதில் விழுந்து போய்விடும். திரும்பப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். திரைக்கதை தன் முடிவை நம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சிரிப்பை வைத்து மூடிவிடுகிறது.

திட்டமிடும் பகுதி அவசரப்படுவதில்லை. கடைத்தெருவில் எந்த நேரத்தில் யார் நடமாடுகிறார்கள், ரோந்துக் காவலர் எப்போது கடக்கிறார், அதிகாலையில் எந்தக் கடைக்கு முதலில் ஆள் வருகிறது என்று நேரம் குறிக்கிறார்கள். பணக்கார வாடிக்கையாளர் வேடத்தில் சேஸர் கடைக்குள் போய் அலாரத்தையும் பெட்டியையும் கண்ணால் அளந்துகொண்டு வருகிறான். பிறகு அதே வகை அலாரம் ஒன்றை வரவழைத்து வைத்துக்கொண்டு சோதனை செய்கிறார்கள். இந்தச் சோதனைக் காட்சிதான் முழுப் படத்துக்கும் அச்சாணி என்பேன். அலாரம் அதிர்வை உணரக்கூடியது. லேசான தட்டல் போதும், அலறிவிடும். அதை எப்படி ஊமையாக்குவது என்று ஒவ்வொன்றாக முயன்று, கடைசியில் தீயணைப்புக் கருவியின் நுரையை அதற்குள் பீய்ச்சி அடைத்தால் வாய் மூடுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

சோதனையில் டாசின் செய்திருக்கும் காரியம் என்ன? விதிகளை நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். எவ்வளவு ஓசை ஆபத்து, எவ்வளவு ஓசை பரவாயில்லை என்று நம் காதுக்கு இப்போது தெரியும். அலாரம் அலறுவதை ஒரு முறை கேட்டும்விட்டோம். ஆகவே கொள்ளையின்போது யாரும் நமக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த பல படங்கள் தடுக்கி விழுந்த இடம் இது. மௌனத்தை மட்டும் நகலெடுத்தார்கள், மௌனத்துக்கு முந்தைய பாடத்தை விட்டுவிட்டார்கள். விதி தெரியாத பார்வையாளனுக்கு மௌனம் வெறும் சத்தமின்மை, அவ்வளவுதான்.

கொள்ளையை இப்போது படிப்படியாகப் பார்ப்போம். இலக்கு தரைத்தளத்துக் கடை. கதவிலும் கண்ணாடியிலும் கை வைக்க முடியாது. அதனால் மேலே இருக்கும் குடியிருப்பு வழியாக இறங்குவது என்று திட்டம். கட்டிடத்தில் இருக்கும் தம்பதியைக் கட்டிப்போட்டுவிட்டு மேலே போகிறார்கள். கம்பளத்தை விலக்கி, தளத்தில் இடம் குறித்துக்கொண்டு, துணி சுற்றிய சுத்தியலால் உளியைத் தட்டுகிறார்கள். நடுவில் யாரோ கை தவறி அங்கிருக்கும் பியானோவில் ஒரு கட்டையை அழுத்திவிட, ஒற்றை ஸ்வரம் எழுகிறது. எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் பார்ப்பவர்களுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. சோதனைக் காட்சியின் பலன் இந்த இடத்தில் கைக்கு வருகிறது.

முதலில் போடுவது சின்ன ஓட்டைதான். அதன் வழியாக மடக்கிய குடையைக் கீழே இறக்கி, கடைக்குள் தலைகீழாக விரிக்கிறார்கள். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று ரசித்துவிட்டுப் போய்விடாமல் காரணத்தை யோசியுங்கள். ஓட்டையைப் பெரிதாக்கும்போது காரையும் கல்லும் கீழே விழும், தரையில் பட்டால் அதிர்வு, அதிர்ந்தால் அலாரம். ஆகவே விழுவதை நடுவழியில் ஏந்திக்கொள்ள ஒன்று வேண்டும். அது சின்ன ஓட்டைக்குள் நுழையவும் வேண்டும், நுழைந்தபின் அகலவும் வேண்டும், விழும் கல்லை ஓசையில்லாமல் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். மூன்று வேலையையும் செய்யும் பொருள் ஒவ்வொரு வீட்டு மூலையிலும் கிடக்கிறது. வேறொரு படமாக இருந்தால் இதற்கென்று விசேஷமான இயந்திரம் ஒன்று பெட்டியிலிருந்து வெளிவந்திருக்கும். வித்தை தெரிந்தவன் கையில் குடையே போதும் என்பதுதான் இந்தப் படத்தின் ருசி.

ஓட்டை ஆள் நுழையும் அளவுக்கு ஆனதும் கயிற்றில் சேஸர் இறங்குகிறான். பாலே நடனக்காரர்கள் அணியும் மெல்லிய காலணியைப் போட்டிருக்கிறான். அலாரத்துக்குள் நுரையைப் பீய்ச்சுகிறான். இந்த நொடியிலிருந்து காட்சியின் தாளம் மாறுவதை உணர்ந்தீர்களா? இதுவரை எதிரி ஓசை. அலாரம் ஊமையானபின் எதிரி நேரம். பெட்டியை மெதுவாகச் சாய்த்து, கதவுப் பக்கத்தை விட்டுவிட்டு முதுகுப் பக்கத்தில் வட்டமாக வெட்டும் கருவியைப் பொருத்துகிறார்கள். பூட்டும் கனத்த இரும்பும் முன்பக்கத்தில். பின்தகடு அவ்வளவு கனமில்லை. இனி செய்ய வேண்டியது சுற்றிக்கொண்டே இருப்பதுதான். வியர்வை, கை மாற்றம், கைக்கடிகாரம், மறுபடி சுற்றல். ஒரே பதற்றத்தை அரை மணி நேரம் இழுத்திருந்தால் அலுப்புத் தட்டியிருக்கும். நடுவில் ஒருவகைப் பயத்தை எடுத்துவிட்டு இன்னொருவகைப் பயத்தை வைத்ததால்தான் தொய்வில்லை.

இந்த அரை மணி நேரத்தை மௌனக் காட்சி என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். சரியாகச் சொன்னால் இசையும் வசனமும் இல்லாத காட்சி. ஓசை நிறையவே இருக்கிறது: உளி, உதிரும் காரை, மூச்சு, வெளியே தெருவில் நடப்பவை, இரும்பு அறுபடும் கரகரப்பு. இசையமைப்பாளர் ழார்ஜ் ஒரிக் இந்தக் காட்சிக்கும் விஸ்தாரமாக இசை எழுதித்தான் கொடுத்தார். டாசின் அவருக்குக் காட்சியை இசையோடு ஒரு தடவை, இசையில்லாமல் ஒரு தடவை போட்டுக் காட்டினார். பார்த்து முடித்ததும் இசை வேண்டாம் என்று சொன்னவர் ஒரிக்கேதான். தான் எழுதியதைத் தானே வேண்டாம் என்று சொல்லும் மனசு லேசில் வராது.

நால்வரும் பேசிக்கொள்ளாததற்கு அலாரம் மட்டும் காரணமில்லை. அலாரம் அடங்கிய பிறகும் அவர்கள் வாய் திறப்பதில்லை. ஒருவன் கை நீட்டுவதற்கு முன்பே அடுத்தவன் கருவியை வைக்கிறான். களைத்தவனின் இடத்தை இன்னொருவன் கேட்காமலே எடுத்துக்கொள்கிறான். நல்ல தச்சர்களும் அறுவை சிகிச்சைக் குழுவும் வேலை செய்வது இப்படித்தான். படம் முழுக்க இந்த மனிதர்கள் ஒருவரோடொருவர் முழுமையாக ஒத்துப்போவது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். பேச்சு திரும்பியதுமே பிரச்சினையும் திரும்பிவிடுகிறது.

கொள்ளையின்போது சேஸர் தனக்கென்று எடுத்த மோதிரம் அப்படித்தான் வினையாகிறது. விடுதிப் பாடகி விவியானுக்கு அதைக் கொடுக்கிறான். விடுதி க்ரூட்டருடையது. அந்த மோதிரத்தைப் பிடித்துக்கொண்டே க்ரூட்டர் கொள்ளையடித்தவர்கள் யார் என்று மோப்பம் பிடித்துவிடுகிறான். போலீஸ் கண்டுபிடிக்கவில்லை, தடயம் சிக்கவில்லை, தற்செயல் எதுவும் குறுக்கிடவில்லை. இந்த வகையின் மற்ற பெரிய படங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜான் ஹ்யூஸ்டனின் ‘தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்’ (1950) படத்தில் கீழே விழும் துப்பாக்கி தானாக வெடித்துப் பெட்டி உடைப்பவன் மேல் குண்டு பாய்கிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி கில்லிங்’ (1956) படத்தில் விமான நிலையத்தில் ஒரு நாய்க்குட்டி குறுக்கே ஓட, பெட்டி திறந்து பணம் காற்றில் பறக்கிறது. இரண்டும் விதியின் விளையாட்டு. ‘ரிஃபிஃபி’யில் விதிக்கு வேலையே கொடுக்கவில்லை. சேஸர் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துதான் கூப்பிட்டார்கள், தெரிந்துதான் சிரித்தார்கள். அதிர்வை உணரும் அலாரத்தைச் சோதித்தவர்கள் கூட நிற்கும் ஆளைச் சோதிக்கவில்லை.

அடுத்து நடப்பதில் வேகம் கூடுகிறது, மென்மை குறைகிறது. மாரியோவும் அவன் மனைவி ஈடாவும் க்ரூட்டர் கும்பலால் கொல்லப்படுகிறார்கள். சேஸர் பயத்தில் பெயர்களைச் சொல்லிவிட்டிருக்கிறான். விடுதி மேடைக்குப் பின்னால் தூணில் கட்டப்பட்டுக் கிடக்கும் அவனை டோனி காண்கிறான். உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் நம் தொழிலின் விதிமுறை உனக்குத் தெரியும்தானே என்ற தொனியில் பேசிவிட்டுச் சுடுகிறான். இந்தக் காட்சியை எடுத்தவரை நினைவில் கொண்டுவாருங்கள். சேஸராக நடிக்க இருந்தவர் வராமல் போனதால் ‘பெர்லோ வீட்டா’ என்ற பெயரில் டாசினே அந்த வேடத்தைப் போட்டார். பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கப்பட்டு நாடு விட்டு வந்தவர், பெயர் சொன்னவனின் முகத்தைத் தானே அணிந்துகொண்டு சாகிறார். சக கலைஞர்களின் காட்டிக்கொடுப்பை மனதில் வைத்தே இதை எடுத்ததாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். பழிவாங்கும் காட்சி என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழிவாங்க நினைப்பவர் துரோகியை இவ்வளவு இரக்கத்துக்குரியவனாகக் காட்ட மாட்டார், அந்த வேடத்தைத் தானே எடுத்துக்கொள்ளவும் மாட்டார். பயந்தவன் பேசிவிடுவான் என்பதையும், அதற்காக அவனை மன்னிக்க முடியாது என்பதையும் ஒரே காட்சியில் வைத்திருக்கிறார்.

க்ரூட்டர் கும்பல் ஜோவின் மகனைக் கடத்திவிட்டுக் கொள்ளைப் பணத்தைக் கேட்கிறது. பாரிஸுக்கு வெளியே பாதி கட்டிய வீட்டில் அடைத்துவைத்திருக்கும் சிறுவனை டோனி மீட்டுவிடுகிறான். ஆனால் செய்தி எட்டுவதற்குள் ஜோ பொறுமையிழந்து பணத்தோடு கிளம்பிப் போய் உயிரை விடுகிறான். இதுவும் தற்செயல் என்று தோன்றும். யோசித்தால் அதுவும் குணம்தான்: கொள்ளையின்போது மணிக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவனுக்குத் தகப்பனாகக் காத்திருக்கத் தெரியவில்லை. யார் அவனைக் குறை சொல்வது?

கடைசிக் கார்ப் பயணம் பலருக்கு நீளமாகத் தோன்றுகிறது. குண்டடிபட்ட டோனி, திறந்த காரில், விளையாட்டுத் துப்பாக்கியோடு குதித்து ஆடும் சிறுவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாரிஸுக்கு ஓட்டி வருகிறான். கொள்ளைக் காட்சிக்கு எதிர்முனையில் இதை வைத்துப் பாருங்கள். அங்கே இசை இல்லை, இங்கே ஒரிக்கின் இசை பொங்கி வழிகிறது. அங்கே கேமரா நிதானம், இங்கே மரங்களும் வானமும் சாலையும் கிழிந்து கிழிந்து வருகின்றன. அங்கே ஒவ்வொரு அசைவும் கட்டுக்குள், இங்கே கண் சொருகி ஸ்டியரிங் தள்ளாடுகிறது. அங்கே நான்கு பேர் ஒரே உடல் போல இயங்கினார்கள், இங்கே சாகிறவனும் ஒன்றும் புரியாத குழந்தையும் தனித்தனி உலகத்தில் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் கார் நிற்கிறது, டோனி சாய்ந்துவிடுகிறான். தாய் லூயிஸ் ஓடிவந்து பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள். பணப்பெட்டி காரிலேயே கிடக்கிறது.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முழுப் பெயர் ‘து ரிஃபிஃபி ஷே லெ ஸோம்’. ‘ஆம்பிளைகளுக்குள் அடிதடி’ என்று கொள்ளலாம். படத்தின் வசனத்தில் எந்தப் பாத்திரமும் அந்த வார்த்தையை உச்சரிப்பதில்லை. விவியானாக வரும் மகாலி நோயல் விடுதியில் பாடும் பாட்டில்தான் பொருள் வருகிறது. திரைக்குப் பின்னால் நிழலாட்டமாக ஒரு ரவுடி ஆடிக்கொண்டிருப்பான். சப்டைட்டிலில் பாட்டை மொழிபெயர்க்காமல் விட்ட பிரதி கையில் இருந்தால் வேறு பிரதி தேடுவது நல்லது.

பாரிஸை எடுத்திருக்கும் விதம் தனியாகக் கவனிக்க வேண்டியது. வெயில் அடிக்கும் நாளில் டாசின் படப்பிடிப்பு வைக்கவில்லை. மேகம் மூடிய நாளுக்காகக் காத்திருந்து எடுத்தார். தயாரிப்பாளர்களுக்கு இது எரிச்சல்; மொத்தப் படமே சுமார் 2 லட்சம் டாலருக்குள் முடிக்க வேண்டிய நிலை. ஆனால் ஒளிப்பதிவாளர் பிலிப் அகோஸ்தினியின் ஈரத் தெருக்களில் நிழல் விழுவதில்லை, எல்லாம் சாம்பல். டோனியாக வரும் ழான் செர்வேயின் கண்ணுக்குக் கீழே தொங்கும் சதையும் அந்தத் தெருவும் ஒரே நிறம். அப்போது செர்வேயின் நட்சத்திர நாட்கள் முடிந்திருந்தன. குறைந்த செலவில் கிடைப்பார் என்பதும் அவரைப் போட்டதற்கு ஒரு காரணம். இன்று வேறொருவரை அந்த இடத்தில் யோசிக்கவே முடியவில்லை.

படம் வந்த 1955இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசை டாசின், சோவியத் இயக்குநர் செர்கேய் வசிலியேவோடு பகிர்ந்துகொண்டார். கொள்ளைக் காட்சி அளவுக்கு மீறி விளக்கமாக இருக்கிறது என்று சில நாடுகளில் தடையும் வந்தது. இதைப் பார்த்து அதே மாதிரி திருடுகிறார்கள் என்று மெக்சிகோவில் தடை செய்தார்கள். பின்லாந்திலும் தடை, பிறகு 1959இல் வெட்டித்தான் வெளியிட்டார்கள்.

குறைகள் இல்லாமலில்லை. பெண் பாத்திரங்களுக்குக் கதையில் சொந்தமாக ஒரு முடிவெடுக்கும் இடம் கிட்டத்தட்ட இல்லை. அடி வாங்கிய மாடோ பின்னால் டோனிக்கு உதவுவதைத் திரைக்கதை தன் வசதிக்காகச் செய்துகொண்டது. க்ரூட்டரின் தம்பி ரெமி போதைக்கு அடிமை என்பதைக் கோணங்கித்தனமாக அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். பின்பாதியில் ஒன்றிரண்டு சந்திப்புகள் விறுவிறுவென்று கதையை நகர்த்த மட்டுமே இருக்கின்றன. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் படத்தைக் கொண்டாட வேண்டும்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் சில நடைமுறை விஷயங்கள். படம் கிட்டத்தட்டச் சதுரத்துக்கு நெருங்கிய பழைய அளவில் எடுக்கப்பட்டது. இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி. திரையை நிரப்பும் வசதியைப் போட்டால் தலையோ கையோ வெட்டுப்படும், கையே முக்கியமான படத்தில் அது பெரிய நஷ்டம். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதைவிட முக்கியம் ஒலி. இரவு நேரத்துக்கென்றும், சத்தத்தைச் சமன் செய்வதற்கென்றும் டிவியிலும் சவுண்ட்பாரிலும் ஒரு வசதி இருக்கும். அது மெல்லிய ஓசையை உயர்த்தி, பெரிய ஓசையைக் குறைத்துவிடும். அது போட்டிருந்தால் கொள்ளைக் காட்சியில் ஒலிநாடாவின் இரைச்சல் மேலெழும்பி வரும், பியானோ ஸ்வரம் திடுக்கிட வைக்காது. முதல் தடவை காட்சி எடுபடவில்லை என்று சொல்லும் பலருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். சீட்டாட்டக் காட்சியில் வசனம் தெளிவாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டுப் பிறகு ரிமோட்டைத் தொடாதீர்கள். மூலம் ஒற்றைத் தட ஒலி என்பதால் சரவுண்ட் ஜாலங்கள் எதுவும் தேவையில்லை.

இரண்டாம் முறை பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பின்தொடருங்கள். சீட்டைப் பிடிக்கும் கை, பெல்ட்டை எடுக்கும் கை, உளியைப் பிடிக்கும் கை, மோதிரத்தை நீட்டும் கை, ஸ்டியரிங்கில் நழுவும் கை. முழுக் கதையும் அதிலேயே வந்துவிடும்.

இதன் பிறகு என்ன பார்க்கலாம் என்றால், ழாக் பெக்கரின் ‘ல த்ரூ’ (1960). சிறை உடைப்புப் படம், ஆனால் ‘ரிஃபிஃபி’யைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போல. ஐந்து கைதிகள் தரையை உடைக்கிறார்கள், பலத்த சத்தத்தோடு, ஒரே ஷாட்டில். நமக்குக் காது அடைக்கிறது, யாராவது கேட்டுவிடுவார்களே என்று நெஞ்சு அடிக்கிறது. சத்தமே இல்லாமலும் முழுச் சத்தத்தோடும் ஒரே பதற்றத்தை எழுப்ப முடியும் என்பதற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் போதும். ழான்-பியேர் மெல்வில்லின் ‘ல செர்க்ல ரூழ்’ (1970) இன்னொரு நகைக்கடை, இன்னொரு பேச்சில்லாத கொள்ளை. அழகு அதிகம், வியர்வை குறைவு. டாசினே 1964இல் எடுத்த ‘தோப்காபி’யில் கூரையிலிருந்து கயிற்றில் ஆளை இறக்கி, கால் பட்டால் அலாரம் அடிக்கும் தரைக்கு மேலே தொங்கவிட்டார். தன் வித்தையைத் தானே கேலி செய்துகொண்டது போன்ற ஜாலியான படம்.

கேலி என்றால் மாரியோ மோனிச்செல்லியின் ‘இ சொலிதி இன்யோதி’ (1958)தான். அதில் திருடர்கள் ‘ரிஃபிஃபி’ கும்பல் போலவே திட்டம் போடுகிறார்கள், வேவு பார்க்கிறார்கள், நள்ளிரவில் ஓர் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து அடகுக் கடைக்குப் போகும் சுவரைப் படாதபாடு பட்டு உடைக்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் இருப்பது அதே வீட்டின் சமையலறை. அடுப்பிலிருந்த சாப்பாட்டைச் சூடாக்கி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.